சந்தேகமே சாட்சியானால்

மாஜிஸ்டிரேட் கோர்ட்டில் ஒரு வக்கீல் எழுந்து, எதிரியின் மீது எவ்விதக் குற்றமும் ருசுவாகவில்லை, ஆகவே அவன் மிகப் பெரிய குற்றம் ஒன்றுக்குத் தயாராகி வருகிறான் என்றே கனம் கோர்ட்டார் கொள்ள வேண்டும் என்று வாதிப்பாராயின், மாஜிஸ்டிரேட் நகைப்பதிருக்கட்டும், வாசலில் நிற்கும் டவாலிச் சேவகனே நகைத்து விடுவான். ஆனால் 1942-ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் மேற்குக் கடற்கரைப் பிரதேசத்திற்குச் சேனாதிபதியாயிருந்த ஜெனரல் டி விட் இந்த வாதத்தையே எழுத்து மூலமாகத் தமது சர்க்காருக்குச் சமர்ப்பித்தார். கடற்கரையிலுள்ள ஜப்பானிய வம்சத்தினர் அதுகாறும் நாசவேலை எதுவும் செய்யாதிருப்பதே, இனிச் செய்யப் போகிறார்கள் என்பதற்குக் கவலைக்கிடமான அறிகுறி என்றார் அவர். அந்நாட்டுச் சட்டசபைக்கும் காங்கிரஸ் என்றே பெயர். அந்தக் காங்கிரஸின் கமிட்டி ஒன்றின் முன், கலிபோர்னியாவின் அட்டர்னி ஜெனரலாயிருந்த ஏர்ல் வாரன் என்னும் சட்ட நிபுணரும் இதே நியாயத்தை எடுத்துரைத்தார். ஒருவரும் நகைக்கவில்லை.

1941 டிசம்பர் 7-ந் தேதி ஜப்பானிய விமானங்கள் பேர்ல் துறைமுகத்தைத் தாக்கின. 1942 பிப்ரவரி 19-ந் தேதி ஜனாதிபதி ரூஸ்வெல்ட் 9066-ஆம் எண்ணுள்ள உத்தரவில் கையொப்பமிட்டார். அவ்வுத்தரவில் ஜப்பானியர் என்ற சொல்லே கிடையாது. ராணுவ அதிகாரிகள் குறிப்பிடும் பிரதேசங்களிலிருந்து யாரையும் விலக்கலாம் என்று மட்டுமே அதில் கண்டிருந்தது. யார் விலக்கப்பட்டனர் என்பதை உலகமறியும். சுமார் 1,20,000 பேர், அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அம்மண்ணிலேயே பிறந்த பிரஜைகள், கையில் எடுத்துச் செல்லக் கூடியதை மட்டும் எடுத்துக்கொண்டு கிளம்ப வேண்டியதாயிற்று. ஸாந்தா அனிதா, டான்போரான் ஆகிய பந்தய மைதானங்களில் குதிரை லாயங்களே அவர்களுக்கு முதல் ஜாகையாயின. பின்னர் பாலைவனங்களிலும் சதுப்பு நிலங்களிலும் எழுப்பிய பத்து முகாம்களில் முள்வேலிக்குள் அடைக்கப்பட்டனர். குற்றப் பத்திரிகை இல்லை, விசாரணை இல்லை.

குண்டு விழுந்த ஹவாயித் தீவுகளிலோ ஜனத்தொகையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஜப்பானிய வம்சத்தினர். அங்கே ராணுவச் சட்டம் அமுலிலிருந்தும், சிறு தொகையினரைக் கைது செய்ததோடு சர்க்கார் நின்று விட்டனர். அத்தனை பேரையும் பெயர்த்தால் தீவின் தொழில்கள் அப்படியே ஸ்தம்பித்துப் போகுமல்லவா? கடற்கரையிலோ, அவர்களுடைய தோட்டந் துரவுகளின் மீது நெடுநாளாகக் கண் வைத்திருந்த வெள்ளை விவசாயிகள் சிலர் தமது ஆவலை மறைக்கவுமில்லை. பீதிக்கும் வரவு செலவுக் கணக்குப் பார்க்கத் தெரியும் போலும்!

அடைத்து வைத்தவர்களிடமே 1943-இல் விசுவாசப் பரீட்சை நடத்தியதை நாம் அடைத்து வைத்ததிலும் கொடியதென்று கருதுகிறோம். கேள்வித் தாளின் 27-ஆம் கேள்வி, ராணுவத்தில் சேர்ந்து எங்கு உத்தரவிட்டாலும் போரிடச் சம்மதமா என்பது. 28-ஆம் கேள்வி, ஐக்கிய நாடுகளுக்கு விசுவாசப் பிரமாணம் செய்து, ஜப்பானியச் சக்கரவர்த்தியிடமுள்ள விசுவாசத்தைத் துறக்கிறாயா என்பது. அமெரிக்காவில் பிறந்து, சக்கரவர்த்தியைப் படத்தில் மட்டுமே கண்ட வாலிபன், ‘ஆம், துறக்கிறேன்’ என்றால், அதுவரை அவ்விசுவாசம் தன்னிடமிருந்ததாக ஒப்புக்கொண்டவனாகிறான். ‘இல்லை’ என்றாலோ துரோகி. அவனுடைய பெற்றோர் கதி இன்னும் பரிதாபம். ஆசியாக் கண்டத்தார் அமெரிக்கப் பிரஜையாக அருகரல்லர் என்பது அக்காலச் சட்டம். (நம்மவர்க்கும் அதே கதிதான் என்று பகத்சிங் திந்த் வழக்கில் 1923-இல் அந்நாட்டு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்ததை வாசகர்களில் சிலர் மறந்திருக்கலாம்.) பிரஜையாக ஏற்க மறுத்த நாட்டின் பொருட்டு, இருக்கும் ஒரே பிரஜா உரிமையையும் துறந்து விடு என்று அம்முதியவர்களைக் கேட்டனர். பிறகு கேள்வியின் வாசகத்தை அவர்களுக்கு மட்டும் மாற்றினார்கள். ‘ஆம்’ என்றவர்களில் பலர் 442-ஆவது படையில் சேர்ந்து இத்தாலியிலும் பிரான்ஸிலும் ரத்தஞ் சிந்தி விருதுகளைக் குவித்தனர். அவர்களுடைய தாய் தந்தையர் முள்வேலிக்குள் இருந்தனர். ‘இல்லை’ என்றவர்கள் டூலி லேக் என்னும் தனி முகாமுக்கு ஒதுக்கப்பட்டனர்.

நீதிஸ்தலம் என்ன செய்தது? பிரெட் கோரமட்ஸு என்ற வாலிபர் உத்தரவுக்குக் கீழ்ப்படிய மறுத்துத் தண்டனையடைந்து சுப்ரீம் கோர்ட் வரை சென்றார். 1944 டிசம்பரில் ஆறு நீதிபதிகள் சர்க்கார் பக்கமும் மூவர் அவர் பக்கமும் நின்றனர். மூவரில் ஒருவரான ஜாக்ஸன், ராணுவ உத்தரவு யுத்தத்தோடு மறைந்து போகும், அதை நியாயமென்று கோர்ட் ஒப்பிவிட்டாலோ அந்தத் தத்துவம் மருந்து கெட்டித்த துப்பாக்கி போல் எவன் கைக்கும் எட்டும்படி கிடக்கும் என்ற கருத்துப்பட எச்சரித்தார். சர்க்கார் வக்கீல்கள் கோர்ட்டின் முன் வைத்த விஷயங்களில், கரையிலிருந்து கப்பல்களுக்குச் சமிக்ஞை சென்றது என்ற கதைக்கு ஆதாரமில்லை என்று சர்க்காரின் சொந்த இலாகாக்களே கூறியதை மறைத்தார்கள் என்பது பின்னர் அம்பலமாயிற்று. 1983-இல் ஸான் பிரான்ஸிஸ்கோ பெடரல் கோர்ட் அவருடைய தண்டனையை ரத்து செய்தது. வக்கீல் தொழிலில் பழகிய நமக்கு, ஜெனரலின் பீதியை விட இந்த மறைப்பே அதிக வெட்கத்தைத் தருகிறது. ஜெனரல் பயந்தார், வக்கீல்களோ அறிந்தே செய்தார்கள்.

யுத்தம் முடிந்ததும் பயம் ஜப்பானியரை விட்டுக் கம்யூனிஸ்டுகளைப் பற்றிக்கொண்டது. ஜனாதிபதி ட்ரூமனின் மறுப்பையும் மீறி 1950-இல் நிறைவேறிய சட்டம், நெருக்கடி காலத்தில் சந்தேகத்துக்குரியவர்களை அடைத்து வைக்க அதிகாரமளித்தது. அதற்கென ஒதுக்கிய இடங்களில் டூலி லேக்கும் ஒன்று! எவரும் அச்சட்டப்படி அடைபடவில்லை. ஆயினும் அது ரத்தானது 1971-இல்; அதற்காக முன்னின்று கிளர்ச்சி செய்தவர்கள் முகாமில் வாழ்ந்த ஜப்பானிய அமெரிக்கரே.

இத்தனையும் சட்டப் புத்தகங்களிலும் தஸ்தாவேஜுகளிலும் உள்ளன. சந்தேகிக்கப்பட்டவன் உயிர் தப்பி வீடு திரும்பிய பின் அவன் வீட்டில் என்ன நடந்தது என்பதை எந்தத் தஸ்தாவேஜும் கூறாது. அதைக் கூறியவர் ஸியாட்டில் நகரத்தவரான ஜான் ஒகாடா. 1957-இல் அவர் வெளியிட்ட ‘நோ-நோ பாய்’ என்னும் நாவலின் கதாநாயகன் இச்சிரோ, முகாமில் இரண்டு வருஷமும், ராணுவ சேவையை மறுத்ததற்காகச் சிறையில் இரண்டு வருஷமும் கழித்து ஊர் திரும்புகிறான். அவன் மீது உமிழ்பவன் வெள்ளையனல்லன். ராணுவத்தில் சேர்ந்திருந்த ஜப்பானிய வாலிபன். அவனுடைய தம்பி, அண்ணனால் நேர்ந்த களங்கத்தைத் துடைக்கப் பள்ளியை விட்டுப் பட்டாளத்தில் சேர ஓடுகிறான். தாயோ, ஜப்பான் தோற்கவேயில்லை, தோற்றதாக வரும் செய்திகளெல்லாம் எதிரியின் சூழ்ச்சி என்று நம்பிக் கப்பலுக்குக் காத்திருக்கிறாள். கண்ணெதிரே நிற்கும் உண்மையையும் சூழ்ச்சிக்கே சாட்சியாக்கிக் கொள்ளும் அந்த மூதாட்டிக்கும் ஜெனரல் டி விட்டுக்கும் தர்க்கத்தில் வித்தியாசமில்லை என்று நமக்குத் தோன்றுகிறது. முள்வேலியைக் கட்டியவர்களின் நோய் முள்வேலிக்குள்ளும் பரவி, அண்ணனைத் தம்பியும் மகனைத் தாயும் நம்பாத நிலைக்குக் கொண்டு வந்து விட்டது.

இந்நாவலை எழுதிய ஒகாடா ‘இல்லை’ என்றவரல்லர். முகாமிலிருந்து சென்று அமெரிக்க விமானப் படையில் பணி புரிந்தவர். ‘ஆம்’ என்றவன் ‘இல்லை’ என்றவனுடைய நெஞ்சுக்குள் புகுந்து எழுதியதே இந்நூலின் பெருமை.

கலிபோர்னியாவில் பிறந்த ஜூலி ஓட்ஸுகா என்ற பெண்மணி 2002-இல் வெளியிட்ட நாவலில், நள்ளிரவில் செருப்பும் அங்கியுமாக இழுத்துச் செல்லப்பட்ட ஒரு தந்தை, கடைசி அத்தியாயத்தில், தம் மீது சுமத்தக் கூடிய குற்றங்களனைத்தையும் தாமே செய்ததாக ஒப்புக்கொள்கிறார். துறைமுகங்களை வேவு பார்த்தேன், நஞ்சிட்டேன் என்று அவர் அடுக்கிக் கொண்டே போவதைப் படிக்கையில், சந்தேகத்துக்குத் திருப்தியளிக்கும் வாக்குமூலம் இது ஒன்றே என்பது விளங்கும்.

1988-இல் அமெரிக்க சர்க்கார் மன்னிப்புக் கேட்டு, உயிருடனிருந்தவர்களுக்குத் தலைக்கு 20,000 டாலர் வழங்கச் சட்டமியற்றினர். பிற்காலத்தில் பிரதம நீதிபதியாகிப் புகழெய்திய ஏர்ல் வாரன் தமது சுயசரிதையில் வருந்தி எழுதினார். கோரமட்ஸு தீர்ப்பு தவறென்று 2018-இல் சுப்ரீம் கோர்ட் கூறிற்று. பெரும்பாலும் முஸ்லிம் நாடுகளாயுள்ள சில தேசங்களின் ஜனங்கள் உள்ளே வருவதைத் தடுத்த ஜனாதிபதியின் உத்தரவை ஊர்ஜிதம் செய்த அதே தீர்ப்பில்தான் அவ்வாறு கூறிற்று.

ஒகாடா இவற்றில் எதையும் காணவில்லை. பழையதைக் கிளற விரும்பாத அவருடைய சமூகத்தாரே நாவலை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. அச்சிட்ட 1,500 பிரதிகளும் அவர் 1971-இல் இறந்தபோது விற்றுத் தீர்ந்திருக்கவில்லை. இளம் எழுத்தாளர் சிலர் அதைத் தேடிக் கண்டு 1976-இல் மறுபதிப்பு வெளியிட்டனர். அவர்கள் ஒகாடாவின் மனைவியிடம் சென்று, அவர் எழுதிக் கொண்டிருந்த இரண்டாவது நாவல் எங்கே என்று வினவினார்கள். கடல் கடந்து வந்த முதல் தலைமுறையைப் பற்றிய கதை அது. அவர் விட்டுச் சென்ற காகிதங்களை ஒரு சர்வகலாசாலைக்குக் கொடுக்க முன்வந்ததாகவும், அவர்கள் வேண்டாமென்றதாகவும், வீடு மாறும்போது அவற்றையெல்லாம் எரித்து விட்டதாகவும் அந்த அம்மாள் சொன்னார்.