கூட்டுக் கிணறும் கிளப் ரூமும்

குடியாத்தம் ஸ்டேஷனில் ஏறினால் ஒரு பக்கம் சென்னை, மறுபக்கம் பெங்களூரு. இரண்டு ஊரிலும் பழைய கிளப்புகள் இருக்கின்றன. மெட்ராஸ் கிளப் 1832-லும், பெங்களூர் கிளப் 1868-லும், அண்ணா சாலையில் உள்ள காஸ்மாபாலிட்டன் கிளப் 1873-லும் தொடங்கியவை. லுங்கி வியாபாரமோ தோல் வியாபாரமோ செய்கிறவருக்கு என்றாவது இப்படி ஒரு கிளப்பிலிருந்து அழைப்பு வரும். பார்ட்டி ஹாலில் சாப்பாடு, பக்கத்துச் சின்ன ரூமில் பேச்சு. ஊர் திரும்பியதும் அவர் கேட்கும் முதல் கேள்வி, "அந்த ரூமுக்கு வாடகை எவ்வளவு? நம்ம வீட்டு நிச்சயதார்த்தத்துக்குக் கிடைக்குமா?"

டீ ஆறுவதற்குள் இதற்குப் பதில் சொல்லிவிட முடியாது. கேள்வியிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. கல்யாண மண்டபம்போல இதுவும் வாடகைக்கு விடும் இடம், பணம் கட்டினால் யாருக்கும் கிடைக்கும் என்று எல்லோருமே நினைக்கிறோம். விலைப் பட்டியல் இருக்கிறது, அட்வான்ஸ் வாங்குகிறார்கள், ரசீது தருகிறார்கள். அப்படித் தோன்றுவதில் தப்பே இல்லை. ஆனால் ஒரு பழைய கிளப்பில் அந்த ரூமைக் கேட்கும் உரிமை உறுப்பினருக்குத்தான் உண்டு.

இதைப் புரிந்துகொள்ள நம் பக்கத்துக் கூட்டுக் கிணறு போதும். நான்கு பங்காளிகள் சேர்ந்து வெட்டிய கிணறு. முறை வைத்துத் தண்ணீர் இறைக்கிறார்கள், மோட்டார் ரிப்பேர் செலவைப் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒருவரின் மச்சான் ஊரிலிருந்து வந்தால் தாராளமாக இறங்கிக் குளிக்கலாம், யாரும் எதுவும் கேட்கமாட்டார்கள். அதே மச்சான் நூறு ரூபாய் நீட்டி, "இன்னிக்கு என் வயலுக்கு இறைச்சுக்கறேன்" என்றால் நான்கு பேரும் சேர்ந்தே மறுப்பார்கள். கிளப்பில் நாம் அந்த மச்சான். பங்காளி கூட்டிக்கொண்டு போனால்தான் உள்ளே போக முடியும்.

இனி கிளப் வாசலுக்குப் போவோம். மேஜைமேல் விருந்தினர் பதிவேடு இருக்கும். அதில் நம் பெயர் ஒரு கட்டத்தில், அழைத்தவரின் பெயரும் உறுப்பினர் எண்ணும் அடுத்த கட்டத்தில். சாப்பிட்டு முடித்ததும் பேரர் பில்லை அவர் முன்னால்தான் வைப்பார். அவர் கையெழுத்துப் போட, தொகை அவர் கணக்கில் ஏறும். பெரும்பாலான பழைய கிளப்புகளில் விருந்தினரிடம் பணம் வாங்குவதே இல்லை. கண்ணாடி உடைந்தாலும், யாராவது குரல் உயர்த்தினாலும், மறுநாள் கிளப் கேள்வி கேட்பது அவரைத்தான்.

இவ்வளவு கறார் எதற்கு? வரிச் சட்டத்தில் இதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பங்காளிகள் கிணற்றுக்குப் போட்ட பணத்தில் வருஷக் கடைசியில் கொஞ்சம் மிஞ்சினால், அதை லாபம் என்று சொல்வோமா? அவர்கள் பணம்தானே மீந்தது! தன்னிடமிருந்தே ஒருவர் லாபம் சம்பாதிக்க முடியாது. இதற்குப் பரஸ்பரத் தன்மை என்று பெயர். கிளப்புக்கும் உறுப்பினர்களுக்கும் இது பொருந்தும் என்று 2019-இல் கல்கத்தா கிளப் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. உறுப்பினருக்குக் கிளப் பரிமாறும் சாப்பாடு விற்பனையே ஆகாது, அதற்கு விற்பனை வரி கிடையாது என்றது.

வெளியார் பணம் கலந்தால் கதை மாறிவிடும். பெங்களூர் கிளப் தன் உபரிப் பணத்தை வங்கிகளில் போட்டு வைத்திருந்தது. அந்த வங்கிகளே கிளப்பின் உறுப்பினர்கள்தான். ஆனாலும் வங்கி அதை வெளியாருக்குக் கடனாகக் கொடுத்துச் சம்பாதித்த வட்டி அது, ஆகவே வருமான வரி உண்டு என்று 2013-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ரூமைக் கண்டவருக்கெல்லாம் வாடகைக்கு விட்டாலும் இதே சங்கடம்தான். ஜிஎஸ்டியின் பாதை வேறு. கிளப்பும் உறுப்பினரும் தனித்தனி ஆட்களாகவே கருதப்படுவார்கள் என்று 2021-இல் சட்டம் திருத்தப்பட்டது. அந்தத் திருத்தம் அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று 2025-இல் கேரள உயர் நீதிமன்றம் கூறியது.

நெசவு ஊர்க்காரர்களான நாம் இன்னொன்றையும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். 2014 ஜூலையில், சேப்பாக்கத்தில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் ஒரு நூல் வெளியீட்டு விழா. அழைப்பின் பேரில் வந்த உயர் நீதிமன்ற நீதிபதி டி.அரிபரந்தாமனை, வேட்டி கட்டியிருந்ததால் உள்ளே விடவில்லை. விருந்து கொடுப்பவர் கூப்பிட்டிருந்தாலும் கிளப்பின் விதி தனியாக நிற்கும் என்பதை அன்று தமிழ்நாடே பார்த்தது. கிணறு பங்காளிகளுடையதுதான், அதற்காகத் தறியில் நெய்த மரியாதையை வாசலில் நிறுத்த முடியுமா? அடுத்த மாதமே சட்டமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. வேட்டி கட்டியவர் என்பதற்காக மட்டும் கிளப்போ அரங்கமோ ஒருவரைத் தடுத்தால் ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. உரிமமும் ரத்தாகலாம்.

ஆகவே, அந்த ரூம் வேண்டுமென்றால் வாடகையைப் பிறகு விசாரித்துக்கொள்வோம். முதலில் உறுப்பினராக இருக்கும் நண்பர் ஒருவரைப் பார்ப்போம். எத்தனை பேர் வரலாம், வெளிச் சாப்பாட்டுக்கு அனுமதி உண்டா, எத்தனை மணிக்கு முடிக்க வேண்டும் என்று அவரிடமே கேட்போம். வாடகையை நாம் அவரிடம் கொடுத்துவிடலாம். ஆனால் பதிவேட்டில் நமக்குப் பக்கத்துக் கட்டத்தில் அவர் எழுதித் தரும் பெயருக்கு விலை இல்லை. விருந்து முடியும்வரை அந்தப் பெயர் கெடாமல் பார்த்துக்கொள்வது நம் கடமை.