கறுப்பை அரிந்த வெள்ளை

அருவ வெளிப்பாட்டிய ஓவியம் என்றதும் ஜாக்சன் பொல்லாக் கித்தானில் வண்ணத்தைச் சொட்டவிட்ட கதையே முன்னால் வந்து நின்றுவிடுவதால், அதே நியூயார்க் வட்டத்தைச் சேர்ந்த ஃபிரான்ஸ் கிளைன் (1910–1962) கறுப்பையும் வெள்ளையையும் கொண்டு நிகழ்த்திய நுட்பம் போதிய கவனம் பெறுவதில்லை. அவரது ‘சீஃப்’ (1950), சிறுவயதில் அவர் கண்டு மகிழ்ந்த ரயில் எஞ்சின் ஒன்றின் பெயரைத் தாங்கியது. ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் உயரமுள்ள அந்த ஓவியத்தில் எஞ்சினின் உருவத்தைத் தேடுவது வீண் வேலை என்றாலும், அகன்ற கறுப்புக் கோடுகள் ஓரத்தை முட்டி வளைந்து திரும்பும் வேகத்தில், பளுவான ஏதோ ஒன்று கடந்து செல்வதைப் பார்ப்பவரின் உடல் உணர்ந்துகொள்கிறது. தீட்டியவரின் அசைவு கோட்டிலேயே பதிந்து நிற்கும் இத்தன்மையைக் கைவீச்சு எனலாம்.

விந்தை என்னவென்றால், ஒரே மூச்சில் பாய்ந்தவையாகத் தோன்றும் இக்கைவீச்சுகளில் பல, முன்பே எண்ணிப் பார்த்துச் செய்யப்பட்டவை. பழைய தொலைபேசிக் கையேட்டின் தாள்களில் சிறு வரைவுகளைப் போட்டுவைத்து, தேர்ந்தவற்றை வீட்டுச் சுவருக்குப் பூசும் அகன்ற தூரிகைகளால் பெரிய கித்தானில் தீட்டுவது கிளைனின் வழக்கம். வெள்ளையும் அங்கே மிச்சம் விட்ட வெற்றிடம் அன்று. கறுப்பின்மேல் வெள்ளையைப் பூசிக் கோட்டின் ஓரத்தை அரிந்தும் ஒடுக்கியும் அவர் திருத்தியிருப்பதை, அரைகுறையாக வெள்ளையடித்த சுவரில் பூச்சின் விளிம்பு தடித்துத் தெரிவதுபோல, பக்கவாட்டில் நின்று நோக்குபவர் காணலாம். தம் ஓவியங்களைக் கிழக்காசிய எழுத்துக்கலையோடு ஒப்பிட்டதை அவர் ஏற்காததும் இதனால்தான்: அங்கே தாள் தாளாகவே விடப்படுகிறது, இங்கோ வெள்ளையும் கறுப்புக்கு இணையாகத் தீட்டப்படுகிறது.

இவ்வோவியங்களைக் கைபேசித் திரையில் விரலளவு படமாகப் பார்த்துக் கிறுக்கல் என ஒதுக்குவோர், அந்த வெள்ளையைப் பார்க்கவே இல்லை எனலாம்; அச்சுப்படங்களிலும் அது தாளின் வெண்மையோடு கரைந்துபோகிறது. மூலப்படைப்பிலோ, கிளைன் கலைஞர்களுக்கான வண்ணங்களோடு விலை குறைந்த வீட்டுப் பெயின்டுகளையும் பயன்படுத்தியதால், வெவ்வேறு வெள்ளைகள் வெவ்வேறு அளவில் மஞ்சளித்திருக்கின்றன. துத்தநாக வெள்ளை கலந்த படலங்கள் காலப்போக்கில் விறைத்து நொறுங்குவதால் சில இடங்களில் பூச்சு உரியவும் செய்கிறது. ஒரு வெள்ளை பழுத்திருப்பது முதுமையாலா, ஓவியரே இரண்டு வெள்ளைகளை வேண்டுமென்று அருகருகே வைத்ததாலா என்று பிரித்தறிவதற்கு முன், பழுதுபார்ப்பவர் அதைத் துடைக்கத் துணிவது தகாது.