பட்டா அப்பா பேர்ல, நாத்து மாமா கையில

இன்னைக்கு எபிசோட் எங்க அப்பா போனுக்கு வந்த ஒரு எஸ்எம்எஸ்ல ஆரம்பிக்குது. 2,000 ரூபாய் வரவு. பி.எம். கிசான் பணம். நாலு மாசத்துக்கு ஒரு தடவை வரும், வருஷத்துக்கு 6,000.

அப்பா தாம்பரத்துல ஜெராக்ஸ் கடை வெச்சிருக்கார். வயல்ல இறங்கி இருபது வருஷம் ஆகுது. திருவையாறு பக்கம் தாத்தா விட்டுட்டுப் போன மூணு ஏக்கர்ல குத்தகைக்குப் பயிர் செய்யறது, நாங்க மாமான்னு கூப்பிடற ஒருத்தர். அவருக்கு இந்தப் பணத்துல ஒரு ரூபா கூட வந்ததில்ல.

இதுல மோசடி எதுவும் இல்ல. திட்டமே அப்படித்தான். 2019 பிப்ரவரியில தொடங்கின இந்தத் திட்டம், நிலம் யார் பேர்ல இருக்குன்னுதான் பார்க்குது. வருமான வரி கட்டுறவங்களுக்குக் கிடையாது. அப்பா கட்டுறதில்ல, அதனால பட்டியல்ல இருக்கார். குத்தகைதாரர் அந்தப் பட்டியல்லயே வர முடியாது.

டெல்டாவுல இது சின்ன விஷயம் இல்ல. இங்க கோயில், மடத்து நிலங்கள் ஏராளம். திருவாவடுதுறை, தருமபுரம் ஆதீனங்கள், தஞ்சாவூர் அரண்மனை தேவஸ்தானம் எல்லாத்துக்கும் குத்தகைதாரர்கள் இருக்காங்க. நிறுவனங்கள் பேர்ல இருக்கற நிலத்துக்கு பி.எம். கிசான் கிடையாது. அதாவது, அந்த வயலுக்கு உரிமையாளருக்கும் பணம் வராது, உழறவருக்கும் வராது.

அரசுப் பணம் வர இன்னொரு வழி இருக்கு: நெல்லோட விலை. 2025-26 கொள்முதல் சீசன்ல சன்ன ரகத்துக்கு மத்திய அரசோட ஆதரவு விலை குவிண்டாலுக்கு 2,389 ரூபாய். தமிழக அரசு ஊக்கத்தொகையா 156 சேர்த்து 2,545 ஆக்கிச்சு. மூணு ஏக்கர்ல 60 குவிண்டால் விளைஞ்சா, ஊக்கத்தொகை மட்டுமே 9,360 ரூபாய். பி.எம். கிசானை விட அதிகம்! இது நெல்லைப் பின்தொடர்ந்து வர்ற பணம், அதனால மாமாவுக்குக் கிடைக்கலாம்.

'கிடைக்கலாம்'தான். நேரடி நெல் கொள்முதல் நிலையத்துல மூட்டையை இறக்கணும்னா சிட்டா, அடங்கல் வேணும். நிலம் யாருதுன்னு சொல்றது சிட்டா. அதுல என்ன பயிர், யார் சாகுபடின்னு சொல்றது அடங்கல். மாமா பேர்ல எதுவும் இல்ல. எங்க குத்தகை வெறும் வாய்ப்பேச்சு. போன சம்பாவுல அவர் அப்பாவுக்கு போன் பண்ணி, "அடங்கல்ல என் பேரைப் போடச் சொல்லுங்களேன்"னு கேட்டார். அப்பா "யோசிச்சுச் சொல்றேன்"னார். நெல்லு காத்திருக்குமா? வியாபாரி கேட்ட விலைக்கே போயிடுச்சு.

அப்பா ஏன் தயங்கினார்? 1955-ல வந்த சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம். குத்தகை ஒழுங்காக் கட்டுற உழவரை இஷ்டத்துக்கு வெளியேத்த முடியாது. பண்ணையார்கள் நினைச்சப்ப ஆளை விரட்டின தஞ்சாவூருக்கு அது எவ்வளவு பெரிய விஷயம்! ஆனா அதே சட்டத்துக்குப் பயந்துதான் இன்னைக்கு எங்க அப்பா மாதிரி ஆட்கள் எதையும் எழுத்துல கொடுக்க மாட்டேங்கறாங்க. எழுத்து இல்லன்னா, பயிர்க் காப்பீடு, வெள்ள நிவாரணம்னு எது வந்தாலும் மாமா சிரமப்பட்டுத்தான் வாங்கணும்.

ஆந்திராவுல 2019-ல ஒரு வழி பார்த்தாங்க. சாகுபடி செய்யறவருக்கு 11 மாச அட்டை, நிலத்து உரிமையில கை வைக்காது. ஆனா அதுக்கும் நில உரிமையாளர் கையெழுத்து வேணும்னு வெச்சாங்க. சுத்திச் சுத்தி எங்க அப்பா கையெழுத்துலயேதான் வந்து நிக்குது!

இந்த எபிசோடைப் பதிவு பண்றதுக்கு முன்னாடி அப்பாகிட்ட இதை எல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு, "அந்த 2,000-ஐ அவருக்கு அனுப்பிடலாமா?"ன்னார். அனுப்பலாம்ப்பா. ஆனா மாமா கேட்டது 2,000 இல்ல, அடங்கல்ல ஒரு பேர்.

ஊர்ல உங்க குடும்பத்துக்கும் நிலம் இருக்கா? அடங்கல்ல யார் பேர் இருக்குன்னு இன்னைக்கு ராத்திரி வீட்டுல கேட்டுப் பாருங்க. அடுத்த வாரம் பார்ப்போம்.