68 நாள், 340 மாத்திரை

2020 மார்ச் 25 முதல் மே 31 வரை இந்தியாவில் கொரோனா ஊரடங்கு 68 நாள். அடைத்த இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவருக்கு வழக்கமாக எழுதித் தருவது ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டார்வாஸ்டாட்டின், மெட்டோப்ரோலால், ராமிப்ரில். வேளைக்கணக்கு எப்படி இருந்தாலும், நாளுக்கு 5 என்று வைத்தால் 68 நாளுக்கு 340 மாத்திரை. மார்ச் 10-ஆம் தேதி ஒரு மாதத்துக்கு வாங்கியவர் கையில் இருந்தது 150. ஏப்ரல் 8-ஆம் தேதி இரவோடு அட்டைகள் காலி.

மருந்துக்கடைகள் திறந்தே இருந்தன. ஆனால் வெளியே போகப் பயந்தவர்கள் இருப்பதை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டு நீட்டினார்கள். குளோபிடோக்ரெல்லில் அந்தச் சிக்கனம் கூடாது. ஸ்டென்ட் வைத்த முதல் மாதங்களில் அதை விட்டால் உள்ளே ரத்தம் உறைந்து குழாய் அடைத்துக்கொள்ளலாம். மருந்து பூசிய ஸ்டென்டுக்கு அரசு 2017-இல் வைத்த விலை உச்சவரம்பு 29,600 ரூபாய். அவ்வளவு கொடுத்து வைத்ததைக் காப்பாற்றுவது தினம் ஒரு மாத்திரை. இதை மருந்துச்சீட்டைக் கொடுக்கும்போதே ஒருவர் நின்று சொல்லியிருக்க வேண்டும்.

ராமிப்ரில் வகை மாத்திரைகள் கொரோனாவை மோசமாக்கும் என்ற பேச்சும் அப்போது பரவியது. பிரேசிலில் கொரோனாவோடு மருத்துவமனையில் சேர்ந்த 659 பேரிடம் சோதித்தார்கள். ஒரு பாதி 30 நாள் அவ்வகை மருந்துகளை நிறுத்தியது, மறுபாதி தொடர்ந்தது. அந்த 30 நாளில் உயிரோடு மருத்துவமனைக்கு வெளியே கழித்த நாட்கள், நிறுத்தியவர்களுக்குச் சராசரி 21.9, தொடர்ந்தவர்களுக்கு 22.9. இறப்பு முறையே 2.7, 2.8 விழுக்காடு. நிறுத்தியதில் பலன் ஏதுமில்லை.

அந்த நாட்களின் கணக்குகளில் என் மனதை அதிகம் உறுத்துவது இத்தாலியின் ஒரு வாரம். 54 மருத்துவமனைகளின் இதயப் பிரிவுகளில் 2019 மார்ச்சில் ஒரு வாரத்தில் மாரடைப்போடு சேர்ந்தவர்கள் 618 பேர். 2020 மார்ச் 12 முதல் 19 வரை 319 பேர்தான். ரத்தக்குழாய் முழுதாக அடைத்துக்கொள்ளும் வகை மாரடைப்பில் இறப்பு 4.1 விழுக்காட்டிலிருந்து 13.7-க்கு ஏறியது. தொற்றுக்குப் பயந்து வலியைப் பொறுத்துக்கொண்டு தாமதமாக வந்தவர்கள் அதில் உண்டு. நம் ஊரிலும் நெஞ்சை அழுத்தினால் வாய்வு என்று சோடா குடித்துவிட்டுப் படுப்பவர்கள் எத்தனை பேர்! வியர்வையோடு வலி இடது கைக்கோ தாடைக்கோ பரவினால் உடனே 108. அடைப்பைக் கரைக்கும் ஊசிக்கு வலி தொடங்கியதிலிருந்து 12 மணி நேரம்தான் கெடு. அதிலும் முதல் இரண்டு மூன்று மணி நேரத்தில் போட்டால்தான் தசை பெரும்பாலும் பிழைக்கும்.

மருத்துவரை நேரில் பார்க்க முடியாத நாட்களுக்கு வீட்டில் வேண்டியவை ஒரு எடைக் கருவி, ஒரு டிஜிட்டல் பிரஷர் மிஷின், ஒரு நோட்டு. இதயச் செயலிழப்பு உள்ளவர் காலையில் சிறுநீர் கழித்ததும், காபிக்கு முன் எடை பார்த்து எழுத வேண்டும். மூன்று நாளில் 2 கிலோ ஏறினால் அது பெரும்பாலும் உடம்பில் தேங்கிய நீர். உப்பு நாளுக்கு மொத்தம் 5 கிராம், ஒரு டீஸ்பூன். ஊறுகாயும் அப்பளமும் அதற்குள் அடக்கம். போன்வழி ஆலோசனைக்கான தொலைமருத்துவ வழிகாட்டு நெறிகள் 2020 மார்ச் 25-ஆம் தேதியே வந்துவிட்டன. போனில் மருத்துவரிடம் அன்றைய எடை, பிரஷர், நாடித்துடிப்பு, மாத்திரைப் பெயர்கள், கால் வீக்கம் இருக்கிறதா என்பதைச் சொன்னால், நீர் மாத்திரையைக் கூட்டுவதா, உடனே கிளம்பி வருவதா என்று அவர் சொல்லிவிடுவார்.