தேடி வரும் தகவல்

ஆராய்ச்சிக் கூடங்களிலும் வேளாண் விரிவாக்கப் பணியிலும் உள்ளோரின் குறை, தகவல் இல்லை என்பதன்று. தகவல் உரிய காலத்தில் கைக்கு எட்டுவதில்லை என்பதே. இக்குறையைப் போக்கும் எளிய கருவிகளுள் ஒன்று, கணிப்பொறி தானாகவே அனுப்பும் மின்னஞ்சல் அறிவிப்பு. அறிய விரும்பும் பொருளை ஒருவர் ஒருமுறை எழுதிக் கொடுத்துவிட்டால் போதும். அப்பொருள் குறித்து இணையத்தில் புதிதாக எது வெளிவந்தாலும் கணிப்பொறி அதனைக் கண்டெடுத்து அவருடைய முகவரிக்கு அனுப்பிவிடும். கூகுள் நிறுவனம் 2003-ல் தொடங்கிய அறிவிப்புச் சேவை பலரும் அறிந்தது. ஆய்விதழ்களை வெளியிடுவோரும் நூற்பட்டியல் நிலையங்களும் இத்தகைய வசதியை அளிக்கின்றனர்.

இக்கருத்து இணையத்துக்கு முற்பட்டது. ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய ஹான்ஸ் பீட்டர் லூன் 1958-ல் இதன் அமைப்பை வகுத்துரைத்தார். ஒவ்வொருவரின் ஈடுபாட்டையும் சொற்களின் தொகுப்பாகக் கணிப்பொறியில் பதிந்து வைத்து, புதிதாக வரும் ஒவ்வோர் ஆவணத்தையும் அதனோடு ஒப்பிட வேண்டும் என்பது அவர் திட்டம். நம் நாட்டிலும் 1970-களில், 1952-ல் தில்லியில் நிறுவப்பட்ட இந்திய தேசிய அறிவியல் ஆவண மையம் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் கணிப்பொறியைக் கொண்டு, காந்த நாடாக்களில் வந்த வேதியியல் ஆய்வுச் சுருக்கங்களிலிருந்து தக்கவற்றைத் தெரிந்தெடுத்து அறிவியலாளர்க்கு வழங்கிற்று. அன்று தாளில் அச்சாகித் தபாலில் சென்றது, இன்று மின்னஞ்சலில் செல்கிறது. வாசகரின் காலத்தைச் சேமிப்பது நூலகத்தின் கடமை என 1931-லேயே எஸ். ஆர். ரங்கநாதன் வகுத்த விதிக்கு இதனினும் நேரான செயல்வடிவம் காண்பது அரிது.

சொல் தேர்வே உயிர்நாடி

கருவி எளிதாயினும், அதனிடம் என்ன கேட்பது என்பது எளிதன்று. நெற்பயிரைத் தாக்கும் குலை நோயை எடுத்துக்கொள்வோம். இதற்கு ஆங்கிலத்தில் 'பிளாஸ்ட்' என்று பெயர். அந்த ஒரு சொல்லை மட்டும் கொடுத்து வைத்த வேளாண் அலுவலருக்கு உலகின் வெடிகுண்டுச் செய்திகள் அனைத்தும் வந்து குவியும். 'ரைஸ்' என்று மட்டும் கொடுத்தாலோ, அரிசி விலையும் சமையற் குறிப்பும் வரும். இரண்டையும் மேற்கோள் குறிக்குள் ஒரே தொடராக அமைத்தால் பதர் பெரிதும் நீங்கும். வேண்டாத சொல்லின் முன் கழித்தல் குறி இட்டால் அச்சொல் உள்ள பக்கங்கள் விலக்கப்படும். நோய்க் காளானின் பெயரையும் சேர்த்தல் நலம். அதற்கும் 'பைரிகுலேரியா' என்றும் 'மேக்னபோர்த்தே' என்றும் இரு பெயர்கள் வழங்குவதால், 'அல்லது' என்னும் பொருள்படும் 'ஆர்' என்ற சொல்லால் இரண்டையும் இணைக்க வேண்டும்.

ஆயினும் வலையை மிகக் குறுக்குவதிலும் இடர் உண்டு. இக்காளானின் மற்றொரு பிரிவு கோதுமையைத் தாக்குவது 1985-ல் பிரேசிலில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. நெடுங்காலம் அது தென் அமெரிக்க நாடுகளின் தொல்லையாகவே இருந்தது. 2016 பிப்ரவரியில் வங்காள தேசத்தில் அது தோன்றி, சுமார் 15,000 ஹெக்டேர் கோதுமைப் பயிரைப் பாதித்தது. அதன் பின்னர் எல்லையை ஒட்டிய பகுதிகளில் கோதுமை பயிரிடுவதை மேற்கு வங்க அரசு தடை செய்ய நேர்ந்தது. நெல்லை மட்டுமே குறித்து அறிவிப்பு அமைத்திருந்தவர்க்கு இச்செய்தி தவறிப்போயிருக்கக்கூடும்; காளானின் பெயரையும் சேர்த்திருந்தவர்க்குக் கிட்டியிருக்கும் வாய்ப்பு மிகுதி. பத்துப் பதரைப் பொறுத்துக்கொண்டேனும் ஒரு மணியை இழவாதிருத்தல் பயிர்ப் பாதுகாப்புத் துறையில் அறிவுடைமை. ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பைத் தேடும் சிறுதொழில் முனைவோரும் பெரும்பாலும் இவ்வாறே கருதுவர்.

இந்திய மொழிகளில் தேடுவோர்க்குத் தனித் தொல்லை ஒன்றுண்டு. தமிழில் 'நெல்' என்பது 'நெல்லுக்கு' என விரியும்; 'நெற்பயிர்' எனும்போது எழுத்தே திரிந்துவிடும். எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் கணிப்பொறிக்கு இவை வெவ்வேறு சொற்களே. எனவே வழக்கிலுள்ள வடிவங்களைத் தனித்தனியே கொடுத்து வைப்பதே பாதுகாப்பு.

அறிவிப்பு உடனுக்குடன் வர வேண்டுமா, நாளுக்கு ஒருமுறையா, வாரத்துக்கு ஒருமுறையா என்பதையும் தெரிவு செய்யலாம். பயிர்க் காலத்தில் நாள்தோறும், மற்றக் காலத்தில் வாரந்தோறும் பெறுவது வேளாண் அலுவலர்க்குப் பொருந்தும். அறிவிப்பு வந்துவிட்டதனாலேயே செய்தி மெய்யென்று ஆகிவிடாது. கணிப்பொறி சொற்களை ஒப்பிடுகிறதேயன்றி, உண்மையை நிறுத்துப் பார்ப்பதில்லை. கட்டணம் செலுத்துவோர்க்கே திறக்கும் ஆய்விதழ்க் கட்டுரைகளின் உள்ளடக்கமும் பொதுத் தேடலில் முழுமையாக அகப்படாது. அவற்றுக்கு அந்தந்த இதழின் அறிவிப்பிலேயே தனியாகப் பதிந்துகொள்ள வேண்டும். லூன் தம் திட்டத்தில், வந்தவற்றுள் எவற்றை வாசகர் ஏற்றார் என்பதைக் கொண்டு சொற்பட்டியலை அவ்வப்போது திருத்துவதையும் சேர்த்திருந்தார். இன்றைய பயனாளிகளுள் பலர் மறந்துவிடுவது இதனையே. முதல் மாதத்தில் வாரம் ஒருமுறையேனும் பட்டியலைத் திருத்துவோர்க்கு, பிறகு நாளுக்கு ஐந்து நிமிடம் போதுமானதாகிறது.