இரண்டு நிமிடத்தின் விலை

சென்ற வாரம் தியாகராய நகர் உஸ்மான் சாலையில் நான் பயணித்த பேருந்து திடீரென நின்றது. எட்டிப் பார்த்தேன். சாலையோரத்தில் வரிசையாக நின்ற வண்டிகளை ஒட்டி, இரண்டாவது வரிசையாக ஒரு கார் நிறுத்தப்பட்டிருந்தது. அதன் உரிமையாளர் கடைக்குள் சென்று ஒரு பொட்டலத்துடன் திரும்பி, காரை எடுக்க இரண்டு நிமிடங்கள் ஆயின. பேருந்தில் ஏறத்தாழ 60 பேர் இருந்தோம். ஆளுக்கு இரண்டு நிமிடம் எனில் மொத்தம் 120 நிமிடம். பிறருடைய இரண்டு மணி நேரத்தைச் செலவழித்த அவர், அதற்காக ஒரு காசும் தரவில்லை.

அவரைக் குறை கூறும் தகுதி எனக்கு இல்லை. பணியில் இருந்த காலத்தில் மயிலாப்பூரிலிருந்து காரில் வந்து, தியாகராய நகரின் உட்தெருக்களில் யார் வீட்டு வாசலிலேனும் நிறுத்திவிட்டுக் கடைக்குச் சென்றவன்தான் நானும். ஒருவருடைய செயலின் செலவைப் பிறர் சுமப்பதைப் பொருளியலில் 'புறவிளைவு' என்பார்கள். ஆர்தர் பிகூ 1920-ஆம் ஆண்டிலேயே சாலை நெரிசலை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதை விளக்கினார். இதை வகுப்பில் பல ஆண்டுகள் கற்பித்தும், என் காருக்கு அது பொருந்தும் என்று நான் எண்ணிப் பார்க்கவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எட்டு லட்சம் ரூபாய் காரைப் பத்தாண்டுகள் பயன்படுத்தி இரண்டு லட்சத்துக்கு விற்பதாகக் கொண்டால், ஆண்டுக்கு ரூ.60,000 தேய்மானம். காப்பீடு, பராமரிப்புக்கு ரூ.30,000. முடங்கிய முதலுக்கான வட்டி இழப்பு ரூ.35,000. ஆக ரூ.1.25 லட்சம். ஆண்டுக்கு 5,000 கி.மீ. ஓடினால், கிலோ மீட்டருக்கு ரூ.25; பெட்ரோலுக்கு ரூ.8. மயிலாப்பூரிலிருந்து தியாகராய நகருக்குச் சுமார் 5 கி.மீ. பயணத்தின் உண்மைச் செலவு ரூ.165. சாதாரணப் பேருந்தில் அதே தூரத்துக்குச் சுமார் ரூ.10 போதும்.

ஆயினும் வீட்டிலிருந்து புறப்படும்போது எவரும் இப்படிக் கணக்கிடுவதில்லை. காரை வாங்கியாயிற்று, ரூ.1.25 லட்சம் எப்படியும் போகும். கண்முன் தெரிவது ரூ.40 பெட்ரோல் மட்டுமே. தம்பதியாகச் சென்றாலும், மனைவிக்குக் கட்டணம் இல்லை என்பதால், பேருந்துக் கட்டணம் ரூ.10. மிச்சமாகும் முப்பது ரூபாய்க்காக வெயிலில் யார் காத்திருப்பார்கள்? இருசக்கர வாகனத்தின் கணக்கோ இன்னும் வலுவானது. லிட்டருக்கு 45 கி.மீ. ஓடும் வண்டியில் அதே தூரத்துக்கு ரூ.11 பெட்ரோல், இருவர் செல்லலாம்.

எனவே, கட்டணத்தைக் குறைப்பதால் மட்டும் சாலை காலியாகிவிடாது. சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் மகளிர் 2021 மே மாதம் முதல் கட்டணமின்றிப் பயணிக்கின்றனர். எளிய குடும்பங்களுக்குப் பேருதவி புரிந்துள்ள திட்டம் அது. ஆனால், இலவசப் பேருந்தும் நெரிசலில் சிக்கினால் இழப்பு அந்தப் பெண்களுக்கே. காரில் வருபவர் தாமே உண்டாக்கிய நெரிசலில் குளிர்சாதன வசதியுடன் காத்திருக்கிறார். நெரிசலுக்குக் காரணமே அல்லாதவர் பேருந்தில் நின்றுகொண்டு காத்திருக்கிறார். இதில் அடங்கியிருப்பது போக்குவரத்துச் சிக்கல் மட்டுமன்று, நீதியும்கூட.

மெட்ரோ வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று பலர் நம்புகின்றனர். ரூ.63,246 கோடி மதிப்பிலான இரண்டாம் கட்டத்தில், கலங்கரை விளக்கம் - பூந்தமல்லி வழித்தடம் மயிலாப்பூரையும் பனகல் பூங்காவையும் இணைக்கும். மாதவரத்திலிருந்து வரும் வழித்தடம் மயிலாப்பூர், அடையாறு வழியாகச் செல்லும். இது மிகவும் தேவையான திட்டம். எனினும், நெரிசல் நேரச் சாலையில் கிடைக்கும் இடத்தைப் புதிய வாகனங்கள் விரைவில் நிரப்பிவிடும் என்று அந்தோனி டவுன்ஸ் 1962-ஆம் ஆண்டிலேயே எச்சரித்தார். பறக்கும் ரயில் 1997-இல் மயிலாப்பூருக்கு வந்தும் லஸ் முனையின் நெரிசல் தீரவில்லையே!

இலவசமாகக் கிடைக்கும் அரிய பொருள் வீணாகும், சாலையும் அப்படித்தான். நெரிசலுக்கு விலை வைக்கும் சிந்தனையை வளர்த்தவர் 1996-இல் நோபல் பரிசு பெற்ற வில்லியம் விக்ரி. சிங்கப்பூர் 1975-லேயே நகர மையத்தில் நுழையும் கார்களுக்குக் கட்டணம் விதித்தது. லண்டன் 2003-இல் அதைப் பின்பற்றியது. முன்னேற்பாடாகப் பேருந்துகளின் எண்ணிக்கையையும் கூட்டியது. இந்த வரிசைமுறை நமக்குப் பாடம்.

சென்னையில் நுழைவுக் கட்டணத்துடன் தொடங்க வேண்டியதில்லை. வாகன நிறுத்தத்துடன் தொடங்கலாம். ஒரு கார் நிற்க ஏறத்தாழ 130 சதுர அடி தேவை. தியாகராய நகரில் அந்த அளவுக் கடைக்கு என்ன வாடகை என்று விசாரித்துப் பாருங்கள். பொதுச்சாலையில் அதே இடத்தை இலவசமாகவோ சொற்பத் தொகைக்கோ தருகிறோம். நெரிசல் மிகுந்த நேரத்தில் அதற்கு உரிய கட்டணம் வசூலிக்க வேண்டும். அத்தொகையை அதே பகுதியின் நடைபாதைகளுக்கும் கூடுதல் பேருந்துகளுக்கும் மட்டுமே செலவிட வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கு விலக்கு அளிக்கலாம்.

வாடிக்கையாளர் குறைவர் என்று வணிகர்கள் அஞ்சலாம். ஆனால், தியாகராய நகரின் வணிகம் நடந்து வருவோரால் வாழ்வது. மாம்பலம் ரயில் நிலையத்தையும் பேருந்து நிலையத்தையும் இணைத்து 2023-இல் திறக்கப்பட்ட ஆகாய நடைபாதையில் ஒரு மாலை நேரம் நின்று பார்த்தால் இது விளங்கும்.

எனக்கும் கட்டணம் செலுத்த மனம் வராது. ஆனால், நான் செலுத்தாத தொகையை ஒரு பேருந்து நிறையப் பயணிகள் தங்கள் நேரத்தால் செலுத்திக்கொண்டிருக்கிறார்கள். அந்த இரண்டு நிமிடத்துக்கு ஏற்கெனவே விலை உண்டு. அதை யார் தருவது என்பதைத்தான் நாம் முடிவு செய்ய வேண்டும்.