தையற் பரிசு

மக்கள் ஒருவருக்கொருவர் பரிசு கொடுத்து மகிழ்வது எல்லா நாடுகளிலும் காணப்படும் வழக்கம் ஆகும். மணமக்களுக்குப் பரிசு அளிக்கின்றனர். புதிதாகப் பிறந்த குழந்தைக்குப் பரிசு அளிக்கின்றனர். ஊர் மாறிச் செல்லும் நண்பருக்கும் ஏதேனும் ஒன்றை நினைவாகக் கொடுத்து அனுப்புகின்றனர். இப்பரிசுகளுள் கடையில் விலைக்கு வாங்கப்படுவன பல. கொடுப்போர் தம் கையாலேயே ஆக்குவன சில. அச்சிலவற்றுள் எளியதும், பெறுவோர்க்குப் பெரிதும் பயன்படுவதும் தையற் பரிசே ஆகும். ஒரு முழத் துணி, ஓர் ஊசி, சில நிற நூல்கள், வேலை ஓய்ந்த மாலைப் பொழுதுகள் சில ஆகியனவே அதற்கு வேண்டுவன.

கோவையிலிருந்து பாலக்காட்டிற்குச் செல்லும் பெருவழியில், மலைகளின் அடிவாரத்தில் அமைந்த ஊர் மதுக்கரை. அவ்வூர் சுண்ணாம்புக் கல்லாலும் சிமெண்டு ஆலையாலும் பெயர் பெற்றது. அதனைச் சூழ்ந்துள்ள கொங்கு நாடு பருத்தியாலும் நூற்பாலைகளாலும் பெயர் பெற்றது. கோவையில் முதல் நூற்பாலை 1888ஆம் ஆண்டில் தோன்றியது. பைக்காரா நீர்மின்சாரம் 1930களில் கிடைத்தபின் ஆலைகள் பலவாகப் பெருகின. நெகமத்துப் புடவையும், சென்னிமலைப் போர்வையும், பவானிச் சமுக்காளமும், திருப்பூர்ப் பின்னலாடையும் இந்நாட்டின் புகழைத் தொலைவிற்கும் கொண்டு சென்றன. துணிக்கும் ஆடைக்கும் பஞ்சமில்லாத இந்நாட்டில், ஒருவர் நாட்கணக்கில் அமர்ந்து கையால் ஒரு சட்டையோ தலையணை உறையோ தைத்துக் கொடுப்பதற்குத் தேவை யாது?

இவ்வினாவிற்குரிய விடையை மதுக்கரையின் காற்றைக் கொண்டே விளக்கலாம். மேற்குத் தொடர்ச்சி மலையில் பாலக்காட்டுக் கணவாய் ஒரு பெருவாயில்போல் திறந்து கிடக்கின்றது. ஆனி, ஆடி மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று அவ்வாயிலின் வழியே விரைந்து வீசுகின்றது. அக்காலத்தில் பிறக்கும் குழந்தைக்குக் காதை மூடும் குல்லாயும் கை நீண்ட சட்டையும் வேண்டும். பங்குனியிலோ சித்திரையிலோ பிறக்கும் குழந்தைக்கு அவை துன்பமே தரும். கையில்லாத மெல்லிய சட்டையே அதற்கு ஏற்றது. தலைப்பேற்றிற்குப் பெண் தாய்வீடு செல்வது தமிழ்நாட்டு வழக்கம். தாயின் தாயைக் கொங்கு நாட்டார் அம்மாயி என்று அழைப்பர். அந்த அம்மாயி, பேரக்குழந்தை எந்த மாதத்தில் பிறக்கும், எந்த அறையில் தொட்டில் தொங்கும், அங்குக் காற்று எவ்வளவு வரும் என்பவற்றை எல்லாம் எண்ணியே துணியை வெட்டுவாள். தையற் பொறி ஒரே அளவில் ஆயிரம் சட்டைகளைத் தைத்துத் தரும்; ஆயின் அணியப்போகும் குழந்தையை அஃது அறியாது. பெறுபவரை அறிந்து செய்வதே தையற் பரிசின் உயிர்.

குழந்தைக்குத் தைப்பதில் அன்போடு அறிவும் கலந்திருத்தல் வேண்டும். பிறந்த குழந்தையின் தோல் மிக மெல்லியது. ஆதலின், பலமுறை துவைத்து மென்மையடைந்த பருத்தி வேட்டியையோ புடவையையோ கிழித்து, முதல் உடைகளைத் தைப்பது நம் நாட்டு மூதாட்டியர் கண்ட நல்ல முறை. புதுத் துணியாயின் வெட்டுவதற்கு முன்பே அதனை நனைத்து உலர்த்த வேண்டும். இல்லையேல் தைத்தபின் முதற் சலவையிலேயே சட்டை சுருங்கிவிடும். சிறு குழந்தையின் தலை நிலைகொள்ளாதது. ஆகவே தலைவழியாக மாட்டும் சட்டையைவிட, முன்புறம் திறந்து நாடாவால் கட்டும் சட்டையே நல்லது. பொத்தான் கழன்று விழுந்தால் குழந்தை அதனை வாயிலிட்டு விழுங்கிவிடக் கூடும். நூலின் முடிச்சும் தையலின் தடிப்பும் உடலில் உறுத்தாதவாறு வெளிப்புறமாக அமைதல் வேண்டும். சிவப்பு நூலால் பூ வேலை செய்ய விரும்புவோர், அந்நூலை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்திப் பார்த்து, சாயம் ஒட்டவில்லை என்று தெளிந்த பின்னரே தைத்தல் வேண்டும்.

பழந்துணியைக் குழந்தைக்குரிய பரிசாக்கும் இவ்வழக்கம் தமிழ்நாட்டிற்கு மட்டும் உரியதன்று. வங்க நாட்டுப் பெண்கள் பழைய புடவைகள் சிலவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, ஓட்டுத் தையலால் இணைத்துப் போர்வையாக்குவர். அதற்குக் காந்தா என்று பெயர். புடவைக் கரையிலிருந்து உருவிய நிற நூல்களே பூவும் மீனும் பறவையுமாக அதன்மேல் மலரும். பாட்டியும் தாயும் உடுத்த புடவையின் வெம்மையிலே குழந்தை உறங்கும். பயனற்றதென்று எறியப்படும் துணி ஊசி முனையால் மறுபிறவி எடுப்பதை இங்குக் காணலாம்.

திருமணப் பரிசாகத் தைப்பவை பலவகைப்படும். இணைத் தலையணை உறைகள், மேசை விரிப்பு, வாயில் தோரணம், மணமகள் ரவிக்கையின் பூ வேலை ஆகியன அவற்றுட் சில. முதலில் தாளில் வரைந்த படத்தைக் கரித்தாளின் உதவியால் துணியில் படியெடுப்பர். பின்னர்த் துணியை இரட்டை வளையத்துள் இறுக்கமாகப் பொருத்துவர். துணி தளர்ந்திருந்தால் தையல் சுருங்கும். பூத்தையல் நூல் ஆறு புரிகளை உடையது. மெல்லிய வேலைக்கு அவற்றுள் இரண்டு மூன்றைப் பிரித்தெடுத்தால் போதும். நூலை ஒரு முழ நீளத்திற்குமேல் கோத்தல் கூடாது. நீண்ட நூல் சிக்குண்டு நைந்துபோகும். கொடிக்குக் காம்புத் தையல், எழுத்திற்குச் சங்கிலித் தையல், இதழுக்கு நிரப்புத் தையல், மகரந்தத்திற்கு முடிச்சுத் தையல் என ஒவ்வோர் உறுப்பிற்கும் ஏற்ற தையல் உண்டு. வேலை முடிந்தபின் துணியைத் திருப்பிப் பார்த்தல் வேண்டும். பின்புறத்தில் நூல் குறுக்கும் நெடுக்குமாக ஓடாமல் ஒழுங்குற அமைந்திருப்பின், தைத்தவர் கைதேர்ந்தவர் என்று அறியலாம்.

இத்தகைய பொறுமைக்குச் சிறந்த சான்றுகள் இரண்டு உள்ளன. கோவைக்கு வடமேற்கே உயர்ந்து நிற்கும் நீலகிரியில் தோடர் வாழ்கின்றனர். தோடப் பெண்கள் வெண்மையான முரட்டுத் துணியில் சிவப்பும் கறுப்புமான நூல்களால் அரிய பூ வேலை செய்கின்றனர். அவர்கள் துணியில் படம் வரைந்துகொள்வதில்லை; துணியின் இழைகளை எண்ணி எண்ணியே கோலத்தை அமைப்பர். அவ்வேலைக்கு 2013ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. பஞ்சாப் நாட்டிலும் இவ்வாறே இழைகளை எண்ணி, முரட்டுக் கதர்த் துணியில் பட்டு நூலால் நிரப்பும் புல்காரி என்னும் பூ வேலை உண்டு. பேரன் பிறந்ததும், அவனுக்குப் பிற்காலத்தில் வாய்க்கப்போகும் மனைவிக்கென்று பாட்டி புல்காரிப் போர்வை தைக்கத் தொடங்குவது அந்நாட்டுப் பழைய வழக்கம். முகமறியாத ஒரு பெண்ணிற்காக ஆண்டுக்கணக்கில் ஊசி பிடித்த அம்மூதாட்டியரின் அன்பு போற்றத்தக்கதன்றோ!

அன்பின் அடையாளமாகிய பரிசு, கேட்டுப் பெறும் பொருளாக மாறினால் தன் தன்மையை இழந்துவிடும். மகள் மணத்திற்கு இத்தனை பவுன் நகை, இத்தனை பாத்திரம் என்று கணக்கிட்டுக் கேட்போரால் எத்தனையோ குடும்பங்கள் கடனில் மூழ்கின. வரதட்சிணை கொடுப்பதையும் வாங்குவதையும் 1961ஆம் ஆண்டுச் சட்டம் குற்றம் என்று விலக்கியது. சட்டம் விலக்கிய பின்னும் அத்தீமை முற்றும் ஒழிந்திலது. ஊரார் முன் அடுக்கிக் காட்டப்படும் சீர்ப்பொருள்களின் நடுவே ஓர் இணைத் தலையணை உறை சிறிதாகத் தோன்றலாம். ஆயினும் அதனை எவரும் கேட்கவில்லை. எவரும் விலை பேசவில்லை. கொடுத்தவள் தன் பொழுதினின்றும் பகுத்துக் கொடுத்தாள். கடன் வாங்கிக் கொடுத்த பரிசு கொடுத்தவரை வருத்தும். கைவருந்தித் தைத்த பரிசு இருவரையும் மகிழ்விக்கும்.

நண்பருக்குத் தரும் பரிசிற்குப் பொருட்செலவு இன்னும் குறைவு. ஒரு சாண் துணியின் நான்கு ஓரங்களையும் மடித்துத் தைத்து, மூலையில் நண்பரின் பெயரின் முதலெழுத்தைப் பின்னினால் அழகிய கைக்குட்டை உருவாகும். புத்தகத்திற்கு உறை, கண்ணாடிக்குப் பை, எழுதுகோலுக்கு உறை என நண்பரின் பழக்கத்தை அறிந்து வேண்டியதைத் தைக்கலாம். செல்வம் உடையோரும் இல்லோரும் ஒரே தரத்தில் நின்று கொடுக்கக்கூடிய பரிசு இது. காசு இல்லாத காரணத்தால் தோழியின் மணத்திற்கு வெறுங்கையோடு செல்ல நாணும் ஏழைப் பெண்ணிற்கு ஊசியும் நூலும் தலைநிமிர்வைத் தருகின்றன.

தமிழில் தையல் என்னும் சொல்லுக்குத் தைத்தல் என்ற பொருளோடு அழகு, பெண் என்ற பொருள்களும் உண்டு. இதனால் தையல் பெண்களுக்கே உரியது என்றும், வீட்டில் பொழுதுபோகாதோர் செய்யும் சிறு வேலை என்றும் சிலர் எண்ணுவர். இரண்டும் தவறு. கடைவீதிகளில் தையற் பொறியின்முன் அமர்ந்து தைப்போருள் ஆடவர் பலர். காந்தியடிகள் 1937ஆம் ஆண்டில் எடுத்துரைத்த ஆதாரக் கல்வி, கைத்தொழிலைச் சிறுவர், சிறுமியர் ஆகிய இருபாலார்க்கும் பொதுவாக்கியது. தன் சட்டையின் கிழிசலைத் தானே தைக்கவும், தங்கைக்கு ஒரு துணிப் பொம்மை செய்து தரவும் அறிந்த சிறுவன் எவ்வகையிலும் தாழ்ந்தவன் அல்லன்.

அது சிறு வேலையும் அன்று என்பதற்கு நாகர்கோவிலின் வரலாறு சான்று பகரும். 1819ஆம் ஆண்டில் அவ்வூருக்கு வந்த மார்த்தா மால்ட் அம்மையார், பெண்களுக்குப் பள்ளி நடத்திப் படிப்போடு நூற்பின்னல் வேலையையும் கற்பித்தார். அந்நாளில் திருவிதாங்கூரில் அடிமைமுறை நிலவியது. அடிமைக் குடும்பங்களில் பிறந்த பெண்கள் சிலர், அப்பின்னல் வேலையால் ஈட்டிய பணத்தைக் கொண்டே தம் விடுதலையைப் பெற்றனர். பிறரது உடைமையாக இருந்தவரை விடுதலை பெற்ற மாந்தராக்கிய தொழிலை யார் சிறிதென்று கூறுவர்? ஆதலின் ஒருவரிடம் பூ வேலை செய்து வாங்குவோர் அதற்குரிய கூலியை முழுமையாகக் கொடுத்தல் வேண்டும். அன்பினால் தைத்துத் தரப்பட்ட பரிசைப் பெறுவோரும் அதிலுள்ள உழைப்பை உணர்ந்து போற்றுதல் வேண்டும்.

முதன்முதலில் ஊசி பிடிப்போரின் தையல் கோணலாகத்தான் அமையும். விரலில் ஊசி குத்தும்; நூல் அறுந்துபோகும்; பிரித்துப் பிரித்துத் தைக்க நேரும். ஓட்டுத் தையலில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பழகினால் சில திங்களில் கை நேர்படும். துணி நைந்து நிறம் மங்கினாலும், வளர்ந்த பிள்ளை அணிந்த முதற் சட்டையைத் தாய் பெட்டியில் மடித்து வைத்திருப்பதைப் பல இல்லங்களில் காணலாம். அச்சட்டையை விற்றால் ஒரு காசும் கிடைக்காது. தன்னைக் காணும் முன்பே தன் பொருட்டு ஒருவர் நாளும் பொழுதும் நினைந்திருந்தார் என்பதை அப்பிள்ளைக்கு அஃது உணர்த்தும். அவ்வுணர்வை அளிப்பதே பரிசின் பயன்.